பூப்போட்ட கொப்பியில் நாளாந்தம் எழுத: வாங்குவதிலிருந்து பத்திரப்படுத்துவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா வைத்திருந்த கணக்குக் கொப்பியின் மட்டையில் மஞ்சள் செவ்வந்திப் பூக்கள் இருக்கும். வலது பக்க மூலையில் உள்ளங்கையளவு தேங்காயெண்ணெய்க் கறை. உள்ளே பால், பாண், மண்ணெண்ணெய், சீட்டுக்காசு. நடுநடுவே "இண்டைக்குத் தங்கச்சி வந்தவள், நெத்தலிச் சொதி" என்பது போல ஒற்றை வரிகள். அதே காலத்தில் பரிசாக வந்த அழகழகான பூக்கொப்பிகள் அலுமாரியின் மேல்தட்டில் பொலித்தீன் உறையோடு கிடந்தன. "இவ்வளவு வடிவான கொப்பியில கண்டதையும் எழுதிப் பழுதாக்காதை" என்று பெரியம்மா சொல்வார். முப்பது வருடம் கழிந்துவிட்டது. இன்றும் நாங்கள் எடுத்து எடுத்து வாசிப்பது அந்த எண்ணெய்க் கறைக் கொப்பியைத்தான். மேல்தட்டில் இருந்தவை ஈரலிப்பில் ஒற்றைகள் ஒட்டி, ஓரம் பழுத்து, ஒரு சொல்லும் ஏறாமலே குப்பைக்குப் போயின.

அதனால் பூக்கொப்பியை எழுதித் தீர்ப்பது எப்படி என்றே இங்கே சொல்லப் போகிறேன். கொழும்பில் இருந்துகொண்டு பல வருடம் எழுதிப் பழகிய ஒழுங்கில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கடைக்குப் போகுமுன்: எங்கே இருந்து எழுதப் போகிறீர்கள்?

பஸ்ஸில் எழுதுகிறவருக்கும் கட்டிலில் சாய்ந்து எழுதுகிறவருக்கும் ஒரே கொப்பி சரிவராது. கைப்பையில் போகவேண்டுமென்றால் ஏ6 அளவு, அதாவது 105க்கு 148 மில்லிமீற்றர். மேசையில் வைத்து எழுதுவதென்றால் ஏ5, 148க்கு 210. ஏ4 தாளை இரண்டாக மடித்தால் வருகிற அளவு அது. நாளாந்த எழுத்துக்கு நான் ஏ5 கொப்பியையே சிபாரிசு செய்வேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஏ6இல் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல் வந்தவுடனேயே இடம் முடிந்துவிடும், கை சலித்துவிடும்.

பக்கக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 200 பக்கம் என்றால் 100 ஒற்றை. ஒரு நாளுக்கு ஒரு பக்கமென்றால் ஆறரை மாதம் போகும், அரைப் பக்கமென்றால் 400 நாள். முதல் கொப்பி 120 பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு கொப்பியைக் கடைசி ஒற்றை வரை எழுதி முடித்துப் பார்த்தவர்தான் அடுத்ததை ஆசையோடு தொடங்குவார். திகதி அச்சிட்ட டயறியையும் தவிர்க்கச் சொல்வேன். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தால் வெற்றுப் பக்கங்கள் குற்றம் சாட்டுவது போல முழித்துக்கொண்டிருக்கும். வெறும் கொப்பியில் நீங்கள் எழுதும் நாள்தான் அடுத்த பக்கம்.

2. மட்டையைத் தள்ளிவிட்டுத் தாளைப் பாருங்கள்

பூக்கொப்பி வாங்கும்போது நடக்கிற பெரிய பிழை இங்கேதான். செய்தவர் செலவையெல்லாம் மட்டையில் போட்டுவிட்டு உள்ளே மெல்லிய தாளை வைத்திருப்பார்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. போட்டோக்கொப்பி எடுக்கும் நல்ல தாள் 80. அதை ஒரு தடவை கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு எந்தக் கடையிலும் விரலே சொல்லிவிடும். 60ஐ ஒட்டிய தாளென்றால் குமிழ்முனைப் பேனை மட்டும் போதும். ஜெல் பேனைக்கு 70, 80 வேண்டும். மை ஊற்றும் பேனைக்காரர் 90, 100 என்று தேடுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் வீணாகும்.

ஜி.எஸ்.எம். எண் அச்சிடாத கொப்பியென்றால் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு ஒற்றையை மட்டும் தூக்கி ரியூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். பின்னால் இருக்கும் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெளிவாகத் தெரிந்தால் தாள் மெல்லியது. அடுத்து, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு கடைசி ஒற்றையின் மூலையில் உங்கள் சொந்தப் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று வினாடி அழுத்தாமல் அப்படியே பிடித்திருங்கள். மை பூனை மயிர் போலச் சுற்றிவரப் பரவினால் அந்தக் கொப்பியும் அந்தப் பேனையும் ஒத்துவராது. பின்பக்கம் திருப்பி ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மினுங்கும் தாளிலும் கவனம். ஒரு முறை ஊதா அல்லிப் படம் போட்ட கொப்பி ஒன்றை ஆசையாக வாங்கினேன். தாள் வழுவழுவென்று பளிங்கு மாதிரி. ஐப்பசி மழைக்காலத்தில் ஜெல் மை காயவேயில்லை. எழுதிய பக்கத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவது போல எழுத்துப் பதிந்துவிட்டது. காற்றில் ஈரம் கூடிய ஊரில் மையைக் கொஞ்சம் குடிக்கிற தாள்தான் நமக்கு நல்லது. நிறத்தில் வெள்ளையை விட இளமஞ்சள் தாள் இரவு வெளிச்சத்தில் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

3. கோடு தமிழுக்குப் பொருந்துகிறதா?

பூக்கொப்பிகளில் நிறைய ஆங்கில எழுத்தை மனதில் வைத்துக் கோடு போட்டவை. 6, 7 மில்லிமீற்றர் இடைவெளிதான் இருக்கும். எங்கள் எழுத்துக்கோ மேலே புள்ளியும் மேல்விலங்கும், கீழே கீழ்விலங்கும் சுழியும். மேல்வரியில் ‘மூ’ என்று எழுதினால் அதன் வால் கீழ்வரியின் ‘ர்’ புள்ளியில் போய் முட்டும். இரண்டு பக்கம் எழுதுவதற்குள் கை தானாகவே எழுத்தைச் சுருக்கும். பிறகு எழுதியதை வாசிக்க உங்களுக்கே விருப்பம் வராது.

8 மில்லிமீற்றர் இருந்தால் கை தளர்ந்து எழுதலாம். அளப்பதற்கு ஒரு சின்ன அடிமட்டம் போதும். ஒரு இடைவெளியை அளந்தால் பிழைக்கும், பத்து இடைவெளியைச் சேர்த்து அளவுங்கள். 80 மில்லிமீற்றர் வந்தால் எடுங்கள். கோடில்லாத கொப்பி பிடித்துப் போனால், ஒரு தாளில் கறுப்பாக 9 மில்லிமீற்றர் கோடுகள் இழுத்து எழுதும் ஒற்றைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். 80 ஜி.எஸ்.எம். வரை கோடு மேலே தெரியும்.

உள்பக்கங்களிலும் பூ அச்சிட்ட கொப்பிகள் உண்டு. மூலையில் ஒரு சின்ன மொட்டு என்றால் பரவாயில்லை. பக்கம் முழுக்கப் பின்னணியில் கொடி ஓடுகிற கொப்பியை எடுக்காதீர்கள். தமிழ் எழுத்தே வளைவும் சுழியும்தான். அதன் அடியில் இன்னொரு வளைவு ஓடினால் கண் எதைப் பிடிக்கும்? நிறமாக அச்சிட்ட இடத்தில் பேனையும் வழுக்கும்.

4. கட்டு

கொப்பியின் நடுப்பக்கத்தைத் திறந்து மடிப்பைப் பாருங்கள். நூல் தெரிந்தால் தைத்த கட்டு, அதுவே நல்லது. மேசையில் வைத்தால் தட்டையாக விரிந்து கிடக்கும், வருடக்கணக்கில் உழைக்கும். நூல் எங்குமே தெரியாமல் முதுகில் பசை மட்டும் இருந்தால், விரித்து விரித்து எழுதும்போது ஒற்றை ஒற்றையாகக் கழன்று வரும். சுருள் கம்பிக் கொப்பி தட்டையாக விரியும்தான், ஆனால் நெரிசலான பஸ்ஸில் சேலையிலும் பையின் நூலிலும் மாட்டும். இறப்பர் பட்டி வைத்த கொப்பியென்றால், எங்கள் வெக்கையில் அது ஒரு வருடத்தில் தொய்ந்துவிடும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

5. இனிப் பூ

இப்போதுதான் மட்டை. தாளும் கோடும் கட்டும் சரியான இரண்டு மூன்று கொப்பிகளைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எந்தப் பூவோடு உங்களுக்குப் பழக்கம் என்று பாருங்கள். கடைகளில் நிறைய வருவது லவெண்டரும் செரிப் பூவும் பெயர் தெரியாத இளஞ்சிவப்பு ரோசாக்களும்தான். அவற்றிலும் அழகு உண்டு. ஆனால் முற்றத்தில் நின்ற செவ்வரத்தையோ நித்தியகல்யாணியோ மட்டையில் இருந்தால் கொப்பியைத் திறக்க முன்பே ஒரு கதை தொடங்கிவிடுகிறது. இது என் அனுபவம்.

எங்கள் நாட்டுப் பூ என்று சொல்லி விற்பதையும் உற்றுப் பாருங்கள். 1986இல் நீலோற்பலம் என்கிற நீல அல்லி இலங்கையின் தேசிய மலரானது. ஆனால் அந்தப் பெயரில் தாமரையை வரைந்த மட்டைகளும் உண்டு. பிரித்தறிவது லேசு. அல்லி இனத்தின் இலை நீரோடு படிந்து கிடக்கும், ஒரு பக்கம் காம்பு வரை வெட்டுப்பட்டிருக்கும், பூவிதழ் கூராக இருக்கும். தாமரை இலை வெட்டில்லாத முழு வட்டம், நீருக்கு மேலேயும் எழும்பி நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்காக டி அல்விஸ் குடும்பத்துச் சித்திரக்காரர்கள் வரைந்த படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பூவை அதன் மொட்டு, இலை, காயோடு சேர்த்து வரைந்தால் அது எவ்வளவு உயிரோடு இருக்கும் என்று. அப்படி உண்மையாக வரைந்த மட்டை கிடைத்தால் விடாதீர்கள்.

மினுக்கத் தூள் ஒட்டிய மட்டை மட்டும் வேண்டாம். கையில், தலையணையில், சோற்றுக் கோப்பையில் எல்லாம் வரும்.

6. கொழும்பில் எங்கே தேடுவது

புறக்கோட்டை மலிபன் வீதிதான் முதலிடம். காகிதாதிப் பொருட்களின் மொத்த வியாபாரம் நடக்கிற தெரு அது. சில்லறையாகவும் தருவார்கள், இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் விலை இறங்கும். வெள்ளவத்தையிலிருந்து 100, 101 பஸ்களில் காலி வீதி வழியே நேரே போய்விடலாம். கிழமை நாளில் காலையிலேயே போங்கள். பாடசாலைத் தவணை தொடங்கும் காலத்தில் தாளைத் தடவிப் பார்க்கக் கடைக்காரருக்குப் பொறுமை இருக்காது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியும் நல்ல இடம். பல நிறுவனங்களின் கொப்பிகளை ஒரே நாளில் ஒப்பிடலாம்.

கைப்பணிக் கடைகளில் யானைச் சாணத்தில் செய்த காகிதக் கொப்பிகள் இருக்கும். நார் தெரிகிற சொரசொரப்பான தாள். பேனை இடறும். ஆனால் காய்ந்த பூ ஒட்டிவைக்க அதைவிடப் பொருத்தமான தாள் இல்லை.

7. முதல் பக்கம், பிறகு ஒவ்வொரு நாளும்

புதுக் கொப்பி வந்த அன்றே அதைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஒற்றையை வெறுமையாக விட்டு, மூன்றாம் பக்கத்தில் தொடங்குங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். அன்று சமைத்த கறி, வந்த தொலைபேசி அழைப்பு, கொடுக்கவேண்டிய காசு, அவ்வளவு போதும். சாதாரணமான ஒன்று உள்ளே ஏறிவிட்டால் கொப்பியைப் பார்த்துப் பயம் வராது.

தினமும் எழுத நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. திகதி, கிழமை, வானம். பிறகு ஐந்து வரி. கடைசியாக ‘இன்று கண்ட பூ’ என்று ஒரு வரி. என் கொப்பியிலிருந்து ஒரு நாளை அப்படியே தருகிறேன்:

"வெள்ளி. பின்னேரம் மழை. பஸ் பம்பலப்பிட்டியில் அரை மணித்தியாலம் நின்றது. பக்கத்தில் இருந்த அம்மா மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தா. கதிரேசன் கோவிலுக்காம். இறங்கும்போது ஒரு சின்னத் துண்டு கிள்ளித் தந்தா. வீட்டில் பருப்பும் பாணும். இன்று கண்ட பூ: மல்லிகை, பாதி மொட்டு."

அந்தப் பூ வரியை விடாதீர்கள். எழுத ஒன்றுமில்லாத நாளிலும் அந்த ஒரு வரி வரும். ஒரு வருடம் போனால் எந்த ஒழுங்கையில் கொன்றை முதலில் பூத்தது, எதிர்வீட்டு மதிலில் கடதாசிப்பூ எப்போது நிறைந்தது என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

நேரம் உங்கள் வசதி. விளக்கேற்றியபின், தேத்தண்ணியோடு, பஸ்ஸில். ஆனால் ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கடைசி நான்கு பக்கங்களைப் பெயர், விலாசம், சமையல் அளவு போன்றவற்றுக்கு ஒதுக்கி வைத்தால், அவற்றைத் தேடி முழுக் கொப்பியையும் புரட்டவேண்டியதில்லை.

8. கடையில் பிடித்தது கிடைக்காவிட்டால்: சீத்தைத் துணியில் மட்டை

2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். கொப்பி விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். அந்த நேரத்தில்தான் வீட்டில் பாதி எழுதிக் கிடந்த, கெட்டி மட்டை போட்ட சி.ஆர். கொப்பிகளை எடுத்து, எழுதிய ஒற்றைகளை நீக்கி, அம்மாவின் பழைய சீத்தைச் சட்டைத் துணியால் மட்டை கட்டினேன். அதன் பிறகு நான் கடையில் பூ மட்டை தேடுவதே குறைந்துவிட்டது. கெட்டி மட்டையுள்ள, நன்றாகத் தைத்த எந்தக் கொப்பிக்கும் இது சரிவரும்.

வேண்டியவை: பூப்போட்ட பருத்தித் துணி, பைண்டர் கம் என்று கடையில் கேட்டால் தரும் வெள்ளைப் பசை, தூரிகை, கத்தரிக்கோல், பிரவுண் பேப்பர், பொலித்தீன் தாள் இரண்டு. துணிக்குப் பழைய சட்டை இல்லாவிட்டால் பக்கத்துத் தையல்காரரிடம் வெட்டுத்துண்டு கேளுங்கள்.

துணியைக் கழுவிக் கஞ்சி போட்டு அயன் பண்ணுங்கள். கஞ்சி போடாத துணியில் பசை ஊறி வெளியே கறையாகத் தெரியும். கொப்பியை விரித்து வைத்து, நான்கு பக்கமும் 3 சென்ரிமீற்றர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பூக்கள் தலைகீழாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதை நான் ஒரு தடவை பிழைவிட்டிருக்கிறேன்.

பசையைத் துணியில் பூசவேண்டாம், மட்டையில் மெல்லியதாகப் பூசுங்கள். முன்மட்டையை முதலில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தடவிக் காற்றை வெளியேற்றுங்கள். அடுத்ததுதான் முக்கியம். முதுகைச் சுற்றித் துணியைக் கொண்டுவந்து பின்மட்டையை ஒட்டும்போது கொப்பி மூடியிருக்க வேண்டும். விரித்து வைத்தபடி ஒட்டினால் துணி இறுகிப்போய், பிறகு மட்டை மூடாது. முதுகுக்குப் பசை பூசாதீர்கள், அந்த இடம் தளர்வாக இருந்தால்தான் கொப்பி நன்றாக விரியும்.

மூலைகளில் துணியைச் சாய்வாக வெட்டுங்கள், மட்டையின் மூலைக்கு மிக நெருங்காமல் 3 மில்லிமீற்றர் விட்டு. முதுகின் மேலும் கீழும் வரும் துணியைச் சின்னதாக வெட்டி உள்ளே செருகுங்கள். ஓரங்களை மடித்து ஒட்டியபின், உள்பக்கத்தில் பிரவுண் பேப்பரை ஒட்டி அந்தத் துணி விளிம்புகளை மறையுங்கள். முன்னும் பின்னும் மட்டைக்கும் முதல் ஒற்றைக்கும் நடுவே பொலித்தீன் வைத்து, மூடி, அம்மி மாதிரிப் பாரமான ஒன்றின் கீழ் வையுங்கள். காய்வதற்கு ஓர் இரவு போதும் என்பார்கள். மழை நாளென்றால் இரண்டு இரவு விடுங்கள், அவசரப்பட்டு எடுத்தால் மட்டை வளையும்.

9. உண்மைப் பூவை உள்ளே வைப்பதென்றால்

பச்சைப் பூவை நேரே கொப்பிக்குள் வைக்காதீர்கள். அதன் ஈரம் பத்து ஒற்றைக்குக் கறையாக இறங்கும், பூஞ்சணமும் பிடிக்கும். பனி காய்ந்தபின் பறித்து, பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே, தடித்த புத்தகத்தின் கீழ் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றினால் இரண்டு மூன்று கிழமையில் காய்ந்துவிடும். கடதாசிப்பூ பெயருக்கேற்றபடி முன்பே காகிதம் போல இருப்பதால் தொடங்குகிறவருக்கு மிக நல்லது, நிறமும் நிற்கும். மல்லிகை பழுப்பாகிவிடும். செவ்வரத்தை வழுவழுப்பான இதழ் என்பதால் முழுப்பூவாக வைக்காமல் இதழ் இதழாகப் பிரித்து வையுங்கள். காய்ந்ததை ஒட்ட ஒரு துளிப் பசை காணும், ஒரு கொப்பிக்கு ஐந்தாறு பூவுக்கு மேல் போனால் முதுகு பிளக்கும்.

10. ஈரலிப்பிலிருந்து காப்பது

கடற்காற்று படும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் இதுதான் பெரிய பாடு. கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி வைக்கவே வேண்டாம், ஈரம் உள்ளேயே சிறைப்படும். வெளிச்சுவரோடு ஒட்டிய தட்டில் அடுக்காதீர்கள், இரண்டு விரல் இடைவெளி விட்டுக் காற்றோட விடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துத் தட்டில் போடலாம். ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைப்பவர்கள் நன்றாகக் காய்ந்த இலையை வையுங்கள், பச்சையிலை ஈரத்தைத்தான் கூட்டும். ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பில் மழை குறைந்த நாட்களாகப் பார்த்துக் கொப்பிகளை வெளியே எடுத்து, நிழலில் விரித்து, ஒற்றைகளைப் புரட்டிக் காற்றுப் படவிடுங்கள். நேர் வெயில் மையை மங்கவைக்கும்.

மழையில் நனைந்துவிட்டதா? ஒற்றைகளை இழுத்துப் பிரிக்காதீர்கள். சில ஒற்றைகளுக்கு ஒரு ரிசுத் தாளாக நடுவே வைத்து, கொப்பியை விசிறி போலச் சற்று விரித்து நிற்கவைத்து, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். ரிசு நனைந்ததும் மாற்றுங்கள். பாதி காய்ந்தபின் பாரம் வைத்தால் நெளிவு குறையும்.

எழுதி முடிந்த கொப்பியின் முதுகில் ஒரு சிறிய தாள் ஒட்டி, எத்தனையாவது கொப்பி, தொடங்கிய நாள், முடிந்த நாள் மூன்றையும் குறியுங்கள். அதைப் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை வெளிச்சத்தில் மங்கும், நனைந்தால் கரையும். பென்சிலுக்கு இரண்டும் இல்லை.